காலர் டேட்டாவை எங்க வைக்கிறது: ஹார்ட் டிஸ்க்கா, மூவ்பேங்க்கா, ஜெனோடோவா, ஜிபிஐஎஃப்பா

யானைக்கோ கழுகுக்கோ ஆமைக்கோ டேக் (அது இருக்கிற இடத்தைச் சொல்ற கருவி, கழுத்துல மாட்டினா காலர்) மாட்டி டேட்டா வாங்குற சின்ன டீம் எதுவா இருந்தாலும் கொஞ்ச நாள்ல ஒரு கேள்விக்கு வந்து நிக்கும், இதை எங்க வைக்கிறது, யார்கிட்ட குடுக்கிறது, குடுக்கலாமா கூடாதா. வழக்கமா பேச்சுல வர்றது நாலு வழி. நம்ம ஹார்ட் டிஸ்க்லயும் டிரைவ்லயும் நாமளே வச்சுக்கிறது, விலங்கு நடமாட்ட டேட்டாவுக்குன்னே இருக்கிற மூவ்பேங்க் தளத்துல ஏத்துறது, ஆராய்ச்சிப் பேப்பர் வர்ற நேரத்துல ஜெனோடோ மாதிரி ஒரு ரெப்பாசிட்டரில (டேட்டா ஃபைலை நிரந்தரமா வைக்கிற இணையக் காப்பகம்) போட்டுடுறது, இல்லன்னா எந்த உயிரினம் எங்க இருக்குன்னு உலகம் பூரா பதிவு சேர்க்கிற ஜிபிஐஎஃப்ல வெளியிடுறது. நிறைய பேர் இதுல ஒண்ணைத்தான் எடுக்கணும்னு நினைச்சு குழம்புறாங்க, ஆனா ஒவ்வொண்ணும் செய்ற வேலை வேற வேற. என் முடிவை இப்பவே சொல்லிடுறேன்: அன்னாட வேலைக்கு மூவ்பேங்க், நல்லா பூட்டு போட்டு. பேப்பர் வரும்போது டிஓஐ நம்பரோட (ஒரு பேப்பரையோ டேட்டாவையோ நிரந்தரமா அடையாளம் காட்டுற நம்பர்) மாறாத ஒரு காப்பி. ஜிபிஐஎஃப்புக்கு குறைச்ச காப்பி, அதுவும் எந்த விலங்குங்கிறதைப் பாத்து. ஹார்ட் டிஸ்க் பேக்கப்புக்கு மட்டும். ஏன்னு சொல்றேன்.

ஹார்ட் டிஸ்க்ல வச்சுக்கிறவங்களுக்கு நியாயமான காரணம் இருக்கு, அதை லேசா எடுத்துக்கக் கூடாது. காலர் மாட்ட அனுமதி குடுத்தது வனத்துறை, டேட்டா யாருக்குச் சொந்தம்னு பர்மிட்ல ஒரு வரி இருக்கும், அதை மீறி வெளிநாட்டு சர்வர்ல ஏத்தினா அடுத்த பர்மிட் கிடைக்குமாங்கிற பயம். வேட்டைக்காரன் கைக்கு போயிடுமோங்கிற பயம் இன்னொண்ணு. இது வெறும் கற்பனையும் கிடையாது, 2013ல மத்தியப் பிரதேசத்து பன்னா காப்பகத்துப் புலி ஒண்ணோட காலர் தகவல் வந்து விழுற இமெயிலை புனேலேர்ந்து யாரோ திறக்கப் பாத்தாங்க, சர்வர் தடுத்துடுச்சு. மூணாவது, நாலு வருஷம் காட்டுல அலைஞ்சு வாங்கினதை வேற யாரோ எடுத்து முன்னாடியே பேப்பர் போட்டுடுவாங்கன்ற கவலை, பிஎச்டி பண்ற பசங்களுக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை.

ஆனா பன்னா விஷயத்தை நல்லா யோசிச்சுப் பாருங்க, அங்க குறி வைக்கப்பட்டது பொது டேட்டாபேஸ் கிடையாது, ஒரு தனி இமெயில் பெட்டி. அதாவது "நம்மகிட்டயே இருக்கு"ன்னு நாம நிம்மதியா இருக்கிற இடம் தான். ஒரே பாஸ்வேர்டை டீம்ல ஆறு பேர் வச்சிருக்கிறது, ஃபைல் வாட்ஸப்ல சுத்துறது, வேலையை விட்டுப் போன பையனோட லேப்டாப்ல ஒரு காப்பி இருக்கிறது, இதெல்லாம் பாதுகாப்புன்னு சொல்ல முடியாது.

இதைவிடப் பெரிய பிரச்சினை, டேட்டா தொலையுறது பெரும்பாலும் டிஸ்க் உடைஞ்சு இல்ல. ஃபைல் இருக்கும், திறக்கும், ஆனா அதுல இருக்கிறதுக்கு என்ன அர்த்தம்னு சொல்ற ஆள் இருக்க மாட்டார். கிட்டப் போய் ஒரே ஒரு வரியைப் பாப்போம். காலர் நம்பர், அப்புறம் 03/04/2019, 18:30, அப்புறம் ரெண்டு தசம எண். அவ்வளவுதான். இது மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ? 18:30ங்கிறது நம்ம நேரமா, யூடிசியா (உலகப் பொது நேரம், நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னாடி)? ஜிபிஎஸ் காலர் நிறைய யூடிசிலதான் எழுதும், அப்படின்னா 18:30ன்னா நமக்கு நடுராத்திரி 12 மணி, தேதியும் ஒண்ணு தள்ளிப் போயிடும். வாழைத் தோட்டத்துக்குள்ள யானை எப்ப வருதுன்னு பாத்து காவலுக்கு ஆள் போடப் போறீங்கன்னு வைங்க, சாயங்காலம் ஆறரைக்கு வருதுன்னு நம்பி ஆளை நிறுத்துவீங்க, அது வர்றது எல்லாரும் படுத்த பிறகு. ஒரு அஞ்சரை மணி நேர வித்தியாசம் ஆராய்ச்சிலயும் தப்பு, ஊர்லயும் ஆபத்து.

எக்செல் இன்னும் மோசம். சிஎஸ்வி ஃபைலை (கமா போட்டுப் பிரிச்ச வெறும் எழுத்து ஃபைல்) சும்மா டபுள் கிளிக் பண்ணித் திறந்து சேவ் குடுத்தா போதும், தேதியை அது இஷ்டத்துக்கு மாத்திடும், டேக்கோட நீளமான ஐடி நம்பரை 3.5இ+14ன்னு சுருக்கி அப்படியே எழுதி வச்சிடும், அதுக்கப்புறம் எந்த டேக்னு கண்டுபிடிக்கவே முடியாது. ஒரிஜினல் டவுன்லோடை யாரும் தொடாம தனியா வைக்கணும்னு கத்துறது இதுக்காகத்தான்.

அப்புறம் காலர் நம்பர். புதுசா சேர்றவங்க காலர் நம்பரையே விலங்கோட பேரா எடுத்துக்குவாங்க. ஆனா ஒரு காலர் ஒரு யானை மேலேர்ந்து கழண்டு விழும், பேட்டரி மாத்தி அடுத்த யானைக்குப் போடுவாங்க. ஒரே யானைக்கு ரெண்டு வருஷம் கழிச்சு வேற காலர் போகும். நடுவுல காலர் ரேஞ்ச் ஆபீஸ் மேஜை மேல கிடந்த நாளெல்லாம் கூட பாயின்ட் (ஒரு நேரத்துல எங்க இருந்துச்சுங்கிற பதிவு) அனுப்பிட்டே இருக்கும், ஜீப்ல போட்டு எடுத்துட்டு வர்றப்ப மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்துல "யானை" ரோட்டுல ஓடும். இதை வெட்டி எறிய என்ன வேணும்னா, எந்த விலங்கு, எந்த டேக், என்னைக்கு எத்தனை மணிக்கு மாட்டினது, என்னைக்குக் கழண்டது, இந்த நாலும் எழுதி வச்ச ஒரு சின்ன டேபிள். லட்சம் பாயின்ட் இருந்தும் இந்த டேபிள் இல்லன்னா வேஸ்ட். பன்னாட்டு பயோலாகிங் (விலங்கு மேல கருவி மாட்டிப் பதிவு பண்றது) சங்கத்தோட டேட்டா குழு 2021ல முன்வச்ச கட்டமைப்புலயும் இதைத்தான் பிரிச்சிருக்காங்க, கருவியைப் பத்தின தகவலுக்கு ஒரு டெம்ப்ளேட், மாட்டின விவரத்துக்கு ஒரு டெம்ப்ளேட், வர்ற டேட்டாவுக்கு ஒரு டெம்ப்ளேட். பாக்க ரொம்ப சாதாரணமா இருக்கும், ஆனா நான் பாத்த வரைக்கும் பழைய ஃபைல்கள்ல ரெண்டாவது டேபிள்தான் இருக்கவே இருக்காது, அது யாரோ ஒருத்தர் ஃபீல்டு நோட்ல பென்சில்ல இருக்கும்.

ஆர்கோஸ்ங்கிற சாட்டிலைட் அமைப்போட டேக் போட்டவங்களுக்கு ஃபைல்ல இன்னொரு நெடுவரிசை ரொம்ப முக்கியம், லொகேஷன் கிளாஸ். 3ன்னு இருந்தா பிழை 250 மீட்டருக்குள்ள, 2ன்னா 500க்குள்ள, 1ன்னா ஒன்றரை கிலோமீட்டருக்குள்ள, 0ன்னா அதுக்கும் மேல, ஏ பின்னு வந்தா எவ்வளவு பிழைன்னு கணக்கே கிடையாது. ஆமை தண்ணிக்கு மேல கொஞ்ச நேரம்தான் தலை காட்டும், அதனால ஏ பி தான் குவியும். ஃபைலைச் சுருக்கணும்னு அந்த நெடுவரிசையை டெலீட் பண்ணிட்டா ஆமை கரையேறி வயக்காட்டுல நடந்த மாதிரி மேப் வரும், எதை நம்புறது எதை விடுறதுன்னு சொல்ல வழியே இருக்காது.

இங்கதான் மூவ்பேங்க் வருது. ஜெர்மனில இருக்கிற மேக்ஸ் பிளாங்க் விலங்கு நடத்தை ஆய்வு நிறுவனம் நடத்துறது, காசு கிடையாது, உலகம் பூரா பல நூறு கோடி பாயின்ட் அதுல இருக்கு. நீங்க ஃபைல் ஏத்தும்போதே கேள்வி கேக்கும்: உங்க நெடுவரிசைகள்ல எது நேரம், எந்த டைம் ஸோன், எது லாட் எது லாங் (அட்சரேகை, தீர்க்கரேகை), எது விலங்கோட ஐடி, எது டேக்கோட ஐடி. பதில் சொல்லாம அடுத்த பக்கம் போக முடியாது. ஆரம்பத்துல எரிச்சலா இருக்கும், ஆனா அந்த எரிச்சலுக்குத்தான் அங்க போகணும்னு நான் சொல்றேன், ஏன்னா ஸ்டாண்டர்டு என்பது தனியா ஒரு டாக்குமென்ட் படிச்சு கடைபிடிக்கிறதா இருந்தா யாரும் பண்ண மாட்டாங்க, ஏத்துற இடத்துலயே கேட்டா பண்ணித்தான் ஆகணும். விலங்கு, டேக், மாட்டின காலம் மூணும் அங்க தனித்தனியா உக்காரும். தப்பான பாயின்ட்டை அழிக்க வேண்டாம், இது அவுட்லையர்னு குறி போட்டா போதும், ஒரிஜினல் அப்படியே இருக்கும், நாளைக்கு வேற ஒருத்தர் வேற ஃபில்டர் போட்டுப் பாக்கலாம். நிறைய காலர் கம்பெனிகளோட சர்வர்லேர்ந்து நேரடியாவே டேட்டா வந்து விழுற ஏற்பாடும் இருக்கு, யாரும் தினம் டவுன்லோட் பண்ண வேண்டியதில்ல. ஆர்ங்கிற புள்ளியியல் நிரல்மொழி தெரிஞ்ச பசங்களுக்கு மூவ்2 பேக்கேஜ் வழியா நேரா இழுத்துக்கலாம்.

பயத்துக்கு வருவோம். மூவ்பேங்க்ல ஏத்தினா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்னு இன்னும் நிறைய பேர் நினைக்கிறாங்க. டேட்டா உங்களோடதுதான், யார் பாக்கலாம் யார் டவுன்லோட் பண்ணலாம்னு நீங்கதான் முடிவு பண்றீங்க. இப்படி ஒரு ஸ்டடி இருக்குன்னு மட்டும் தெரிஞ்சு, டிராக் யாருக்கும் தெரியாத மாதிரி வைக்கலாம். யாராவது பாத்துட்டு எனக்கு வேணும்னு கேட்டா கேள்வி உங்ககிட்ட வரும், நீங்க வனத்துறையைக் கேட்டு முடிவு சொல்லலாம். பூட்டி வச்ச டேட்டாவுக்கும் ஸ்டாண்டர்டு வேணும், இது ரெண்டும் சேராதுன்னு ஒரு எண்ணம் ஓடுது, அது சரியில்ல.

அரிக்கொம்பன் யானையை நினைச்சுப் பாருங்க. 2023 ஏப்ரல் கடைசில சின்னக்கானல்ல பிடிச்சு, கேரள வனத்துறை காலர் மாட்டி பெரியாறுல விட்டாங்க. ஒரு மாசத்துல அது கம்பம் டவுனுக்குள்ளயே வந்துடுச்சு. ஜூன்ல தமிழ்நாடு வனத்துறை பிடிச்சு களக்காடு முண்டந்துறைல கொண்டு போய் விட்டாங்க. ஒரு மாநிலம் மாட்டின காலரை இன்னொரு மாநிலம் பாத்து ஆளை நகர்த்த வேண்டிய நிலைமை. முதுமலை, பந்திப்பூர், வயநாடு பக்கம் இது வருஷம் பூரா நடக்கிற கதை, யானைக்கு மூணு மாநில எல்லை தெரியாது. மூணு துறையும் ஒரே மாதிரி நெடுவரிசைப் பேர், ஒரே டைம் ஸோன், ஒரே மாதிரி விலங்கு ஐடி வச்சிருந்தா அனுமதி குடுத்த அன்னைக்கே டேட்டா ஒண்ணா உக்காரும். இல்லன்னா முதல் வாரம் பூரா ஃபைலைச் சரி பண்றதுலயே போயிடும், அந்த வாரம்தான் ஊருக்குள்ள ஆபத்தான வாரம்.

மூவ்பேங்க்கோட குறையையும் சொல்லணும். அது வேலை செய்ற இடம், ஓனர் எப்ப வேணா மாத்தலாம், அழிக்கலாம். நீங்க 2024ல பேப்பர்ல போட்ட கணக்கை 2030ல ஒருத்தர் திரும்பப் போட்டுப் பாக்கணும்னா அன்னைக்கு இருந்த டேட்டா அப்படியே இருக்கணும், அதுக்கு இது உத்தரவாதம் கிடையாது. அதோட ஓனர் ஐடி ஒரு மாணவரோட ஜிமெயில்ல இருந்து அவர் வேற ஊருக்குப் போயிட்டா பெர்மிஷன் கேக்குறவங்களுக்கு பதில் சொல்ல ஆளில்ல. ரெண்டு மேனேஜராவது போடுங்க, ஒருத்தர் நிறுவனத்துல நிரந்தரமா இருக்கிறவரா இருக்கட்டும். இன்டர்நெட் சரியில்லாத ஃபீல்டு ஸ்டேஷன்ல உக்காந்து ஏத்துறது கஷ்டம்தான், அதையும் ஒத்துக்கிறேன்.

மாறாத காப்பிக்கு ரெப்பாசிட்டரி. ஜெனோடோ ஐரோப்பாவோட செர்ன் ஆராய்ச்சி மையம் நடத்துறது, 2013லேர்ந்து இருக்கு, ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரைக்கும் இலவசம், டிஓஐ கிடைக்கும், ஃபைலைப் பூட்டி வச்சு விவரத்தை மட்டும் காட்டலாம், மாத்தினா புது வெர்ஷனுக்கு புது டிஓஐ, பழசும் இருக்கும். வேகமும் எளிமையும் அதோட பலம். ஆனா உள்ள என்ன போட்டாலும் வாங்கிக்கும், நேரம் எந்த ஸோன்னு யாரும் கேக்க மாட்டாங்க, அந்த அரைகுறை எக்செலையே டிஓஐயோட காலத்துக்கும் உறைய வச்சிடலாம். டிரையாட்ங்கிற இன்னொரு ரெப்பாசிட்டரில பாத்து சரி பண்ணுவாங்க, ஆனா காசு உண்டு, சிசி ஜீரோ லைசென்ஸ்தான் போடணும், அதாவது யாரும் எதுக்கும் எடுத்துக்கலாம். மூவ்பேங்க்குக்கே தனியா ஒரு டேட்டா ரெப்பாசிட்டரி இருக்கு, பேப்பரோட சேர்ந்த டேட்டாவை ஆள் வச்சு சரி பாத்து டிஓஐ போட்டு வைக்கிறாங்க. டிராக்கிங் டேட்டான்னா எனக்கு இதுதான் பிடிக்கும், ஏன்னா பாக்குறவங்களுக்கு டிராக்கிங் தெரியும், "இந்தப் பறவை மாட்டுறதுக்கு முந்தின நாளே பறக்குதே"ன்னு கேப்பாங்க. கொஞ்சம் காத்திருக்கணும், பேப்பர் அவசரத்துல இருந்தா ஜெனோடோவுக்குப் போங்க, ஆனா மூவ்பேங்க்லேர்ந்து எடுத்த ஃபைலையும் மாட்டின விவர டேபிளையும் சேர்த்துப் போடுங்க.

ஜிபிஐஎஃப் பத்தி சுருக்கமா. அது உயிரினப் பதிவுக்கான டார்வின் கோர்ங்கிற ஸ்டாண்டர்டுல ஓடுது, 2009ல அங்கீகரிச்சது. இந்த இனம், இந்த இடத்துல, இந்த நாள்ல இருந்துச்சுன்னு சொல்றதுதான் அதோட அடிப்படை, மியூசியம் மாதிரிகளுக்கும் பறவை நோக்கர்களோட பதிவுக்கும் அருமையா பொருந்தும். டிராக்குக்கு அப்படியே பொருந்தாது. மணிக்கு ஒரு பாயின்ட் அனுப்புற ஒரு யானை வருஷத்துக்கு 8,760 பதிவு, விலங்கோட ஐடி நெடுவரிசையை நிரப்பாம விட்டா 8,760 யானையைப் பாத்த மாதிரி ஒருத்தர் எடுத்துக்குவார். பெல்ஜியத்தோட ஐஎன்பிஓ நிறுவனம் இதுக்கு நல்ல வழி போட்டிருக்கு, மூவ்பேங்க் டேட்டாவை மூவ்பப்ங்கிற ஆர் பேக்கேஜ் வச்சு டார்வின் கோருக்கு மாத்தும்போது ஒரு விலங்குக்கு மணிக்கு ஒரு பாயின்ட்னு குறைச்சிடுறாங்க, முழு டேட்டா வேற இடத்துல இருக்கும், இங்கேர்ந்து அங்க லிங்க் இருக்கும். கடல்புறா மாதிரி பறவைக்கு இது ரொம்ப சரி. புலி, எறும்புதின்னி, கூடு கட்டுற கழுகு இதுக்கெல்லாம் வேண்டாம்பேன். போட்டே ஆகணும்னா 0.1 டிகிரிக்கு மழுங்கடிச்சுப் போடுங்க, அது கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர். மழுங்கடிச்சிருக்கோம்னு அதுலயே எழுதணும், இல்லன்னா ஒருத்தர் அதையே துல்லியமான இடம்னு நம்பி மாடல் ஓட்டுவார்.

மீன் ஆராய்ச்சி பண்றவங்களுக்கு கதையே வேற. அக்கூஸ்டிக் டேக் (தண்ணிக்குள்ள ஒலி எழுப்புற டேக்) போட்ட மீன் உங்க ரிசீவர் (அந்த ஒலியைக் கேட்டுப் பதியிற கருவி) பக்கமே வராம போகலாம், வேற யாரோ கடல்ல போட்ட ரிசீவர்ல அதோட சத்தம் பதிவாகும், அவங்களுக்கு அந்த நம்பர் யாரோடதுன்னு தெரியாது. கனடாவோட ஓஷன் டிராக்கிங் நெட்வொர்க் மாதிரி ஒரு இடத்துல ரெண்டு பக்கமும் பதிஞ்சாத்தான் பாதி டேட்டா உயிரோட வரும். இங்க தனியா வச்சுக்கிறதுங்கிற ஆப்ஷனே கிடையாது.

பகிர்ந்தா என்ன கிடைக்கும்னு கேக்குறவங்களுக்கு நான் எப்பவும் சொல்றது வட அட்லான்டிக் கதை. பறவைப் பாதுகாப்பு அமைப்பான பேர்ட்லைஃப் நடத்துற கடற்பறவை டிராக்கிங் டேட்டாபேஸ்ல பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அவங்கவங்க காலனில போட்ட டேக் டேட்டாவைச் சேர்த்தாங்க. தனித்தனியா பாத்தா ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு இனம், சில பறவை. 21 இனத்தோட டேட்டாவை ஒண்ணா அடுக்கினப்ப எந்த நாட்டுக் கரைக்கும் சேராத நடுக்கடல்ல எல்லாம் ஒரே இடத்துக்கு இரை தேடி வர்றது தெரிஞ்சுது. 2021ல ஆஸ்பார் (வடகிழக்கு அட்லான்டிக் கடலைப் பாதுகாக்கிற ஒப்பந்தம்) நாடுகள் கிட்டத்தட்ட 6 லட்சம் சதுர கிலோமீட்டரை பாதுகாப்புக் கடலா அறிவிச்சாங்க, நேசஸ்னு பேர். யாரோட தனி ஃபைலும் இதைப் பண்ணியிருக்காது. ஆர்க்டிக்லயும் இதே மாதிரி 1991லேர்ந்து நடந்த 200க்கும் மேற்பட்ட ஆய்வுகளை மூவ்பேங்க் வழியா சேர்த்துத்தான் பொன்னாங்கழுகு எப்ப வருது, கேரிபூ மான் எப்ப குட்டி போடுதுன்னு வருஷ வருஷ மாற்றத்தைப் பாக்க முடிஞ்சுது, 1990கள்ல டேட்டா வாங்கினவங்க யாரும் இதை யோசிச்சு வாங்கல.

நம்ம பக்கத்துலயே ஒண்ணு. 2021ல ஒடிசா கரையில ஒரு ஆலிவ் ரிட்லி ஆமையோட துடுப்புல உலோக டேக் மாட்டினாங்க, நம்பர் 03233. 2025 ஜனவரில அது மகாராஷ்டிரா குஹாகர் கடற்கரைல முட்டை போட வந்துச்சு, கிழக்குக் கரைல முட்டை போட்ட ஆமை மேற்குக் கரைக்கு வந்திருக்கு. அதுல பேட்டரி இல்ல, சாட்டிலைட் இல்ல, அஞ்சு இலக்கம்தான். குஹாகர்ல பாத்தவங்க நம்பரைச் சொன்னதும் இது எங்க எப்ப மாட்டினதுன்னு சொல்ல ஒரு பதிவேடு இருந்துச்சு, அதுதான் விஷயம்.

கருவி நிக்கும்னு நம்பவும் கூடாது. ஐகாரஸ் திட்டம் விண்வெளி நிலையத்துல ஆன்டெனா வச்சு 2020லேர்ந்து டேக் சிக்னல் வாங்கிட்டு இருந்துச்சு, 2022ல உக்ரைன் போர் வந்ததும் ரஷ்யாவோட இருந்த ஒத்துழைப்பு நின்னு சிக்னலும் நின்னு போச்சு. அதுவரைக்கும் வந்த டேட்டா மூவ்பேங்க்ல உக்காந்திருந்ததால அது தப்பிச்சுது. கம்பெனியோட சர்வர்ல இருக்கேன்னு விடுறவங்க இதை மனசுல வைக்கணும், சந்தா கட்டாம விட்டா, கம்பெனி கைமாறினா என்ன ஆகும்னு கான்ட்ராக்ட்லயே கேளுங்க.

அதனால புதுசா ஆரம்பிக்கிறவங்க பர்மிட்டுக்கு எழுதும்போதே டேட்டா பத்தி ஒரு பத்தி சேருங்க: மூவ்பேங்க்ல பூட்டின ஸ்டடியா இருக்கும், துறையோட ஒரு அதிகாரி மேனேஜரா இருப்பார், பேப்பர் வந்தப்புறம் எவ்வளவு நாள் கழிச்சு எவ்வளவு மழுங்கடிச்சு வெளில போகும். முன்கூட்டியே கேட்டா குடுக்கிறாங்க, எல்லாம் முடிஞ்சப்புறம் கேட்டாத்தான் இழுக்குது. பட்ஜெட்ல டேட்டா பாக்குற ஆளுக்கு ஒரு சம்பளம் போடுங்க, காலருக்கு லட்சக்கணக்குல போட்டுட்டு இதுக்கு ஒண்ணும் போடாம விடுறது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம்.

பழைய டேட்டா வச்சிருக்கிறவங்க வரிசையை மாத்துங்க, ஃபைலை ஏத்துறது கடைசி வேலை. 1990கள்ல முதுமலைப் பக்கம் யானைக்கு ரேடியோ காலர் மாட்டிப் படிச்ச காலத்து முறைல கையில ஆன்டெனா பிடிச்சு ரெண்டு மூணு இடத்துலேர்ந்து திசை எடுத்து சர்வே ஆஃப் இந்தியா ஷீட்ல கோடு போடுவாங்க. அந்த ஷீட் எவரெஸ்ட் டேட்டம் (டேட்டம்னா வரைபடத்துல இடத்தைக் குறிக்க அடிப்படையா வைக்கிற பூமி அளவு), இப்ப நம்ம ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ்84, மாத்தாம போட்டா இடம் தள்ளி விழும். எந்த ஷீட், திசை எடுத்தது எந்த மேடுலேர்ந்து, காலர் எப்ப நின்னுச்சு, இதெல்லாம் அன்னைக்கு கூட நடந்த டிராக்கர்களுக்கும் வாட்சர்களுக்கும்தான் தெரியும், அவங்க நிறைய பேர் ரிட்டயர் ஆயிட்டாங்க. நோட்டை முதல்ல போட்டோ எடுங்க, அப்புறம் அவங்க வீட்டுக்குப் போய் பக்கம் பக்கமா காட்டிக் கேட்டு அந்த மாட்டின விவர டேபிளை நிரப்புங்க, கேட்டது யார்கிட்ட என்னைக்குன்னும் ஒரு நெடுவரிசை போடுங்க. மத்ததெல்லாம் அடுத்த வருஷம் கூடப் பண்ணலாம்.